வீட்டில் கற்கும் பிள்ளைக்கு ஜேர்மன் மொழி

ஜேர்மன் மொழியின் தலைமைக் கவிஞராகப் போற்றப்படும் கதே, 1749ஆம் ஆண்டு மைன் நதிக்கரையிலுள்ள பிராங்க்பர்ட் நகரிலே பிறந்தவர். அவர் பாடசாலைக்குச் சென்ற காலம் மிகச் சிறிது. சட்டம் கற்ற தந்தையார் தாமும் கற்பித்தார். வீட்டுக்கு ஆசிரியர்களையும் வருவித்தார். மகனுக்கும் அவன் தங்கை கொர்னேலியாவுக்கும் வீடே பள்ளி. இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம் என்று மொழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிந்தன. நான்கு வாரத்தில் ஆங்கிலம் கற்பிப்பேன் என்று ஒருவர் சொல்லிக்கொண்டு வர, தந்தையாரும் பிள்ளைகளோடு கூடவிருந்து அதனையும் கற்றார். (இத்தகைய விளம்பரங்கள் நம் காலத்தில் தோன்றியவை என்று எண்ணியிருப்போர் கவனிக்க.)

மொழிகள் பலவாகவே பயிற்சிக் கொப்பிகளும் பலவாயின. சிறுவனுக்குச் சலிப்புத் தட்டிற்று. அவன் ஓர் உபாயம் கண்டான். உலகின் வெவ்வேறு மூலைகளில் வாழும் ஆறேழு உடன்பிறந்தோர் தம்முள் கடிதம் எழுதிக்கொள்வதாக ஒரு கதையைக் கற்பித்தான். மூத்தவன் நல்ல ஜேர்மன் மொழியிலே தன் பயணச் செய்திகளை எழுதுவான். சமயக்கல்வி பயிலும் தம்பி இலத்தீனில் எழுதி, ஈற்றிலே கிரேக்கத்தில் ஒரு பின்குறிப்புச் சேர்ப்பான். ஹம்பேர்க் நகரில் வணிக நிலையமொன்றிலே கணக்கு எழுதுபவன் ஆங்கிலத்தில் எழுதுவான். மார்சேயில் இருப்பவனுக்குப் பிரெஞ்சு. இசை பயில்பவனுக்கு இத்தாலியம். இளையவனுக்கு வேறு மொழி எஞ்சவில்லை. ஆதலால் யூதர் பேசும் ஜேர்மன் வழக்கை அவனுக்குக் கொடுத்தான். அவ்வழக்கு நன்கு அமைய வேண்டுமென்றே பின்னர் எபிரேயமும் கற்கப் புகுந்தான். இவ்வளவும் 1811ஆம் ஆண்டு முதலாக அவர் வெளியிட்ட தன்வரலாற்றில் உள்ளன.

வீட்டிலிருந்து கற்கும் பிள்ளைக்கு நேரம் உண்டு; அமைதி உண்டு; தன் வேகத்துக்கு ஏற்ப நடக்கும் உரிமை உண்டு. இல்லாதது ஒன்றே: எதிரில் இருந்து விடை சொல்லும் மற்றொரு பிள்ளை. கணிதம் தனியே பயிலலாம். பூகோளம் தனியே பயிலலாம். மொழி அப்படியன்று. சொல்வதற்கு ஒருவனும் கேட்பதற்கு ஒருவனும் வேண்டும். அக்குறையைக் கதே கற்பனையால் நிரப்பிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பிள்ளையொன்றுக்கு அதனைக் கற்பனையால் நிரப்ப வேண்டிய தேவை இருக்கவில்லை.

அப்பிள்ளைக்கு வயது பதினைந்து. நெடுநாள் நோயினாலே இரண்டு ஆண்டுகளாக வீட்டோடு இருப்பவள். அவளைத் தேடி வந்து கற்பித்த ஆசிரியர் எவரும் இலர். தாயார் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தார். தமிழுக்கு என்னிடம் அனுப்பினார். அவளுடைய பெரியம்மாவின் குடும்பம் ஜேர்மனியில் வாழ்கிறது. அங்கு பிறந்த மகளுக்கும் இவளுக்கும் வயது ஏறத்தாழ ஒன்றே. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் செவியளவில் உண்டு, நாவளவில் இல்லை. அம்மம்மா இங்கே. தொலைபேசியில் அம்மம்மா, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்பார், அங்கிருந்து "ஓம்" என்று வரும். அதற்குமேல் பேச்சு ஓடாது. இரு முனைகளிலும் மூச்சுக் கேட்கும். இந்த நிலையைப் பல ஆண்டுகளாகக் கண்டுகொண்டிருந்த பேர்த்தி ஒருநாள், "ஐயா, எனக்கு ஜேர்மன் சொல்லித் தருவியளோ?" என்று கேட்டாள்.

ஜேர்மன் மொழியில் எனக்குள்ள பயிற்சி நூற்பயிற்சி. மைத்துனர் அனுப்பிய இலக்கண நூலொன்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்ததன் பயன் அது. ஒலிக்கு டொய்ச்ச வெல்ல வானொலி நிலையத்தார் கட்டணமின்றி வழங்கும் பாடங்கள் இருக்கின்றன; பிள்ளையின் கைத்தொலைபேசியில் அவை கேட்கும். ஆகவே ஒலியை அவர்களிடமும் இலக்கணத்தை என்னிடமும் கேட்பது என்று ஒழுங்கு செய்தோம். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தேன்: ஆங்கிலத்தின் வழியாக ஜேர்மன் மொழிக்குப் போவதில்லை. நம் நாட்டிலே எந்தப் பிறமொழியையும் ஆங்கிலம் என்ற வாயிற்படியில் ஏறியே அடைய வேண்டுமென்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இந்த மொழியைப் பொறுத்தவரை அது சுற்றுவழி. தமிழிலக்கணம் ஓரளவு கற்ற பிள்ளைக்கு நேர்வழி உண்டு.

எழுத்திலே தொடங்கினோம். ஜேர்மன் மொழியில் உகரத்தின் மேல் இரு புள்ளியிட்ட எழுத்தொன்று உண்டு. அதனை உச்சரிக்க நம்மவர் பெரிதும் இடர்ப்படுவர். தொல்காப்பியப் பிறப்பியலையும் நன்னூலையும் எடுத்துப் பாருங்கள். இகரம் பிறக்கும்போது நாவின் விளிம்பு மேற்பல்லைப் பொருந்துகிறது. உகரம் பிறக்கும்போது இதழ் குவிகிறது. நாவை இகரத்துக்கு வைத்து இதழை உகரத்துக்குக் குவித்தால் அவ்வெழுத்துப் பிறந்துவிடும்! பிள்ளை முதல்முறையிலேயே சொல்லிவிட்டாள். நாவை எகரத்துக்கும் இதழை ஒகரத்துக்கும் வைத்தால் இன்னொன்று. இசைமேதை பாஃ என்பவரின் பெயரீற்றில் அண்ணத்தின் பின்புறத்தே உரசி எழும் ஒலிக்கு, 'எஃகு' என்பதை மெல்லச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். ஆய்தத்துக்கு இப்படியொரு பயன் வருமென்று பவணந்தியார் எதிர்பார்த்திரார்.

பால் வகுப்பிலேதான் முதற் கலகம் மூண்டது. தமிழிலே பால் பொருளைப் பற்றியது; பகுத்தறிவுடையவை உயர்திணை, ஏனைய அஃறிணை. ஜேர்மன் மொழியிலோ பால் சொல்லைப் பற்றியது. ஆண், பெண், அலிப்பால் என மூன்று. மேசைக்கும் கதவுக்கும் அவற்றுள் ஒன்று உண்டு. சந்திரன் ஆண்பால்: 'டேர் மோன்ட்'. சூரியன் பெண்பால்: 'டீ ஸொன்ன'.

"ஐயா, சூரியன் பொம்பிளையோ?"

"அங்கே அப்படித்தான், பிள்ளை."

"அப்ப பொம்பிளைப் பிள்ளை?"

அதுதான் வேடிக்கை. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஹென்' என்ற சொல் பெண்பால் அன்று, அலிப்பால். அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெயின் 1880இல் வெளியிட்ட பயண நூலின் பிற்சேர்க்கையொன்றிலே இதனை வைத்து நெடுகச் சிரித்திருக்கிறார். சிரிப்பது எளிது. காரணம் அறிந்தால் சிரிப்பு அடங்கும். 'ஹென்' என்பது சிறுமைப் பொருள் காட்டும் விகுதி. அவ்விகுதி ஏறிய சொல் எதுவாயினும் அலிப்பாலே. விகுதி பால் காட்டுகிறது. இது நமக்குப் புதியதா? ஆயினும் விதியால் அடங்காத பெயர்களே மிகுதி. அவற்றுக்கு ஒரே வழி, பெயரையும் அதன் முன் நிற்கும் சுட்டையும் பிரிக்காமல் ஒரு சொல்லாகவே மனனஞ் செய்வது. பிள்ளை ஆண்பாலை நீல மையாலும் பெண்பாலைச் சிவப்பு மையாலும் அலிப்பாலைப் பச்சை மையாலும் எழுதினாள். இன்று அவள் கொப்பி பூந்தோட்டம்போல் இருக்கிறது.

வேற்றுமைக்கு வந்தபோது என் பாடு எளிதாயிற்று. எட்டு வேற்றுமை கற்ற பிள்ளைக்கு நான்கு வேற்றுமை ஒரு சுமையா? எழுவாய், இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்னும் நான்கே உள. வேறுபாடு இது: தமிழில் உருபு பெயரின் ஈற்றில் ஏறும், அங்கே பெரும்பாலும் முன்நிற்கும் சுட்டு உருமாறும். மனிதன் 'டேர் மன்'. மனிதனை 'டேன் மன்'. மனிதனுக்கு 'டேம் மன்'. ஆங்கிலவழி வருவோர் 'டேம்' எதற்கு, 'டேன்' எதற்கு என்று பல மாதம் தடுமாறுவர். ஐ, கு என்ற இரண்டையும் தாய்ப்பாலோடு உண்ட பிள்ளைக்கு அத்தடுமாற்றம் வருவது குறைவு. இன்னும் ஒரு நயம். குளிரும்போது ஆங்கிலேயன் தன்னையே குளிர்ந்தவனாகச் சொல்லுவான். தமிழன் 'எனக்குக் குளிர்கிறது' என்பான். ஜேர்மானியனும் 'மீர் இஸ்ட் கல்ட்' என்பான். 'மீர்' என்றால் 'எனக்கு'. பிடிப்பதும் அவனுக்கு 'எனக்கு'த்தான். எல்லாவிடத்தும் இப்படி ஒத்துவரும் என்று எண்ணிவிடலாகாது. பசியை அவன் 'உடையவனாக' இருக்கிறான். நமக்கோ பசி தானே வருகிறது.

தொகைச்சொற்கள் பற்றி எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. கையுறைக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹன்ட்ஷூ', அதாவது கைச்சப்பாத்து. தையலின்போது விரலில் இடும் கவசம் 'ஃபிங்கர்ஹூட்', விரல்தொப்பி. ஆமை 'ஷில்ட்க்ரோட்டெ', கேடயத்தேரை. தொலைக்காட்சிக்கு அவர்கள் வழங்கும் சொல்லைப் பிரித்தால் தொலை, காணல் என இரண்டும் அப்படியே நிற்கும். இவற்றைக் கேட்டு மகிழ்வதோடு பலர் நின்றுவிடுவர். நான் பிள்ளைக்குக் காட்டியது இடையில் ஒட்டி நிற்கும் எழுத்தை. பிறப்புக்கு 'கெபூர்ட்', நாளுக்கு 'டாக்'. பிறந்தநாள் 'கெபூர்ட்ஸ்டாக்'. நடுவிலே வந்த 'ஸ்' எங்கிருந்து வந்தது? பொருளொன்றும் இல்லை, இரு சொல்லையும் இசைவிக்க வந்தது. "இதற்கு என்ன பேர்?" என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சாரியை!" என்றாள். புளியங்காயில் 'அம்' செய்யும் தொழிலை அங்கே 'ஸ்' செய்கிறது. ஜேர்மன் இலக்கணகாரர் அதற்குத் தம் மொழியில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்; எங்களுக்குச் சாரியை போதும்.

எண்ணுப்பெயர், உயிர்ப்பன்மை முதலியவற்றை விட்டுவிடுகிறேன். இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். தொலைபேசி எண் எழுதும்போது கவனம் வேண்டும், அவ்வளவே.

வாக்கியம் கற்பிக்க நான் கையாண்டது நம் பண்டிதர் முறை: பதவுரை, பொழிப்புரை. இதில் ஒரு புதுமையும் இல்லை. ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்டுவர்ட் மில் தந்தையாரிடம் வீட்டிலே கற்றவர். மூன்று வயதில் கிரேக்கம் தொடங்கியவர். 1825ஆம் ஆண்டளவில், பத்தொன்பது வயது நிரம்பும் பருவத்தில், நண்பர் சிலரைச் சேர்த்து ஒரு வகுப்பு அமைத்து ஜேர்மன் கற்றார். அவர் கைக்கொண்டது ஹாமில்டன் என்பவர் பரப்பிய முறை. பிறமொழி வரியின் கீழே சொல்லுக்குச் சொல் நேர்பொருள் எழுதிப் படிப்பது அது. நம் திண்ணைகளில் அதற்கு விளம்பரம் இருந்ததில்லை. மில் தனியே கற்கவில்லை, நண்பரைச் சேர்த்துக்கொண்டார் என்பதையும் ஆசிரியர்கள் நோக்குக. அவருக்கு மாறாக, பள்ளியை வெறுத்து வீட்டில் வளர்ந்த தாகூர் ஓர் ஜேர்மன் மாதிடம் சில மாதம் பயின்று, ஊகத்தின் துணையாலேயே ஹைனவின் கவிதைகளைக் கடந்து சென்றார். பின்பு கதேயின் பவுஸ்டையும் அந்தச் சிறுபயிற்சியைக் கொண்டே படித்து முடித்தார். ஆயினும் அம்மாளிகையின் எல்லாக் கதவுக்கும் தம்மிடம் திறவுகோல் இருக்கவில்லை என்பதை 1924இல் சீனத்திலே தாமே சொன்னார். கூர்மதியுடைய பிள்ளைக்கு ஊகம் ஒரு பகை. பதவுரை அந்தப் பகையைத் தடுக்கும்.

பிள்ளை தானாக எழுத விரும்பிய முதல் நெடுவாக்கியம் இது: 'இஹ் பின் நிஹ்ட் ட்ஸூர் ஷூலெ கெகாங்கென், வைல் இஹ் க்ராங்க் வார்.' இஹ்: நான். பின்: துணைவினை. நிஹ்ட்: இல்லை. ட்ஸூர் ஷூலெ: பாடசாலைக்கு. கெகாங்கென்: சென்ற. வைல்: ஏனெனில். க்ராங்க்: நோயுற்று. வார்: இருந்தேன். 'நான் நோயுற்றிருந்தமையால் பாடசாலைக்குச் செல்லவில்லை' என்பது பொழிப்பு. இதிலே முதல் வாக்கியத்தில் வினை பிளந்து, துணைவினை இரண்டாம் இடத்திலும் முதல்வினை ஈற்றிலும் நிற்கிறது. இடையிலே ஏனைய சொற்கள் புகுகின்றன. நன்னூலார் கூறும் இடைப்பிறவரலை நினைப்பித்தேன். அதுவே இதுவன்று, ஆனாலும் மனம் பழக உதவும். 'வைல்' என்று தொடங்கும் சார்பு வாக்கியத்திலோ வினை முற்றாக ஈற்றுக்குப் போய்விடுகிறது, நம் வாக்கியம்போலவே. வினை வரும்வரை காத்திருந்து கேட்கும் பொறுமை தமிழனுக்குப் பிறவியிலே உண்டு.

இலக்கணம் அவ்வளவில் நிற்க. அந்த வாக்கியத்தை எழுதும்போது பிள்ளையின் முகம் வாடிற்று. அதனை யாரிடமும் எம்மொழியிலும் அவள் சொன்னதில்லை. பிறமொழி ஒரு திரைபோல் உதவியது என்று நினைக்கிறேன்.

கடிதம் ஜேர்மனிக்குப் போயிற்று. விடை வந்தது. 'பாடசாலைக்குப் போகாமல் இருக்க உங்களை எப்படி விட்டார்கள்?' என்று கேட்டிருந்தாள் அந்தப் பிள்ளை. அவள் வியந்தது நியாயமே. 1763இல் பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக் கிராமப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரவேண்டுமெனச் சட்டம் செய்தான். 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு பாடசாலைக் கடமையை நாடு முழுவதற்கும் விதித்தது. இன்றும் பெற்றோர் தம் கொள்கை காரணமாகப் பிள்ளையை வீட்டிலே வைத்துக் கற்பிக்க அங்கே இடமில்லை. அவ்வாறு கற்பித்த பெற்றோர் தொடுத்த வழக்கொன்றிலே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஜேர்மன் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. கதேயின் வீட்டுப் பள்ளிக்கு இன்றைய பிராங்க்பர்டில் அனுமதி கிடையாது! ஆனால் நெடுநாள் நோயுற்ற மாணவருக்கு ஆசிரியரை வீட்டுக்கே அனுப்பும் ஒழுங்கும் அந்நாட்டில் உண்டு. கட்டாயம் விதித்தவர்கள் கடமையையும் ஏற்றிருக்கிறார்கள். இதனை நான் நம் கல்வியாளரின் கவனத்துக்கு விடுகிறேன்.

அக்கடிதத்தில் ஒரு திருத்தமும் இருந்தது. இவள் 'அன்புள்ள அக்கா' என்பதற்கு உடன்பிறந்தாளைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லை எழுதியிருந்தாள். அது பொருந்தாது, 'கூஸீன' என்று எழுத வேண்டுமென்றாள் மற்றவள். பெரியம்மாவின் மகள் அக்காவல்லாமல் வேறென்ன என்று இவளுக்கு மனவருத்தம். பழைய ஜேர்மன் மொழியைக் காட்டி ஆற்றினேன். அங்கும் ஒருகாலத்தில் தந்தையின் சகோதரனுக்கு 'ஃபெட்டர்', தாயின் சகோதரனுக்கு 'ஓஹைம்', தந்தையின் சகோதரிக்கு 'பாஸெ', தாயின் சகோதரிக்கு 'மூமெ' எனத் தனித்தனிப் பெயர் இருந்தன. பிரெஞ்சிலிருந்து வந்த இரு சொற்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. மாமாவும் சித்தப்பாவும் ஒரே சொல்லில் அடங்கினர். நம் நகரங்களில் 'அங்கிள்' செய்யும் வேலையை நோக்கினால் இது வியப்பன்று.

கடிதங்கள் தொடர்ந்தன. இரு பிள்ளைகளுக்கும் இடையில் அம்மம்மாவும் வந்து சேர்ந்தார். அவர் சொல்ல, இவள் ஜேர்மன் மொழியில் எழுதுவாள். ஒருமுறை அந்தப் பிள்ளை, 'நீங்கள் உங்கள் வீட்டை விட்டு ஏன் போனீர்கள் என்று அம்மா சொல்லுவதில்லை. அம்மம்மாவைக் கேட்டு எழுது' என்று எழுதியிருந்தாள். அம்மம்மா சுருக்கமாகவே சொன்னார்: "தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு இடம்பெயர்ந்தனாங்கள்."

பிள்ளை அந்தச் சொல்லை என்னிடம் கொண்டுவந்தாள். அகராதியில் மூன்று வினைகள் கண்டிருந்தாள். ஒன்று வீடு மாறிக் குடிபோவதைக் குறிப்பது. பெட்டி படுக்கைகளை வண்டியிலேற்றி, புதுவீட்டில் பால் காய்ச்சுகின்ற குடிபெயர்ச்சி அது. மற்றொன்று தப்பியோடுவது. இன்னொன்று பிறரால் துரத்தப்படுவது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்குப் போனதை இம்மூன்றில் எது சொல்லும்? நம் 'இடம்பெயர்தல்' இலேசான சொல். பெயர்ந்தவர் யார், பெயர்த்தவர் யார் என்று அது சொல்வதில்லை. ஜேர்மன் மொழி அப்படி விடாது. ஒன்றைத் தெரிந்தெடு என்று நிற்கிறது. நான் மூன்றின் பொருளையும் விளக்கினேன். தெரிவு என்னுடையதன்று என்றேன். அவள் அம்மம்மாவிடம் போனாள்.

அம்மம்மா மூன்றையும் கேட்டுவிட்டு, "குடிபோகவும் இல்லை; ஓடவும் இல்லைப் பிள்ளை. ஓட இடமிருக்கேல்லை, அவ்வளவு சனம். நடந்தனாங்கள். உன்ரை அம்மாவைத் தூக்கிக்கொண்டு விடிய விடிய நடந்தனாங்கள். அதை எழுது" என்றாராம்.

தமிழில் 'போதல்' நடந்து போவதற்கும் வண்டியில் போவதற்கும் பொது. ஜேர்மன் மொழியில் வண்டியில் போவதற்கு வேறு வினை உண்டு. காலால் நடந்து போவதற்குரியது 'கேஹென்'. அதன் இறந்தகால எச்சமே, அவள் தன் முதல் வாக்கியத்திலே பாடசாலைக்கு எழுதிய 'கெகாங்கென்'. பிள்ளை அதனையே எடுத்து, 'நாங்கள் நடந்து போனோம்' என்று எழுதி, எங்கிருந்து எங்கே என்பதைக் காட்ட ஒரு சிறு வரைபடமும் கீழே வரைந்து, மறுநாட் காலைத் தபாலிலே சேர்த்தாள்.